தோட்டத்து எக்ஸ்கவேட்டரை 1:50 மாடலாக மாற்றுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா இருபத்திரண்டு வருடம் எக்ஸ்கவேட்டர் ஓட்டினார். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டாலும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் அந்த ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பாரிட் (வாய்க்கால்) வெட்டுவது, மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்ப்பது, மழை அரித்த ரோட்டைச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலை. அவர் வேலையை விட்ட வருடம், கடைசியாக ஓட்டிய ஆரஞ்சு நிற ஹிட்டாச்சியை 1:50 மாடலாக, அதாவது நீள அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்காக, செய்து அவர் கையில் கொடுக்க ஆசைப்பட்டேன்.

இரண்டரை மாதத்தில் முடித்திருக்கலாம். எனக்கு ஒன்பது மாதம் ஆனது. ஒரு மாடல் முழுக்க வீணானது. ஒரு பார்சல் திரும்பிப் போனது, இன்னொன்று சுங்கத்தில் நின்றது. கடையில் வாங்கிய மாடலை உங்கள் தோட்டத்தில் ஓடும் இயந்திரமாக மாற்ற நினைக்கும் யாரும் அந்த ஒன்பது மாதத்தைத் திரும்பப் படக்கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. பொதுவாக ஓர் எக்ஸ்கவேட்டர் வேண்டாம், ஒரே ஓர் இயந்திரத்தை எடுங்கள்

"ஒரு 20 டன் எக்ஸ்கவேட்டர் செய்யப்போகிறேன்" என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "மூன்றாம் டிவிஷனில் குத்தகைக்காரர் வைத்திருக்கும் அந்த வண்டி" என்று ஆரம்பியுங்கள். எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, எந்தக் கதவில் சாயம் போயிருக்கிறது என்பதையெல்லாம் அந்த வண்டியே சொல்லிவிடும். நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

தோட்டங்களில் அதிகம் பார்ப்பது 20 டன் வகைதான். கோமாட்சு பிசி200, கோபெல்கோ எஸ்கே200, ஹிட்டாச்சி இசட்எக்ஸ்200, கேட்டர்பில்லர் 320 எல்லாம் அந்த வகை. இவற்றை ஒட்டிய 1:50 மாடல்கள் கிடைக்கின்றன. முதல் தடவைக்கு இந்த அளவே போதும். புல்டோசரில் கைவேலைக்கு இடம் குறைவு. கிரேனில் கம்பிக்கயிறு வேலை புதியவர் பொறுமையைத் தின்றுவிடும்.

2. மாடலை வாங்கும் முன் நேரில் போய் அளவெடுங்கள்

நான் மாடலை வாங்கிவிட்டு அப்புறம் போய் வண்டியைப் பார்த்தேன். அது தலைகீழ் வரிசை. நான் வாங்கியதன் கேபின் ஒரு தலைமுறை புதியது. அப்பா அதைக் கையில் எடுத்ததும் முதலில் சொன்னது, "இந்தக் கதவு நம்ம வண்டிக் கதவு இல்லப்பா."

தோட்டத்துக்குள் கேமராவோடு போகும் முன் அனுமதி வாங்குங்கள். வண்டி குத்தகைக்காரருடையதாக இருந்தாலும் நிலம் தோட்டத்துடையது. ஆபீசில் கிராணியை (எழுத்தரை) பார்த்து, எந்த நாள், எந்த வண்டி, எதற்குப் படம் என்று அரைப்பக்கக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் கேட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள். எனக்கு இதற்கு நான்கு நாள் ஆனது. காசு எதுவும் இல்லை.

போகும் நேரம் முக்கியம். ஓட்டுநர் பசியாறக் கீழே இறங்கும் நேரம்தான் சரி. இன்ஜின் நின்று, பக்கெட் தரையில் ஊன்றியிருக்கும்போது மட்டும் அருகே போங்கள். வண்டி ஓடும்போது அது சுற்றும் வட்டத்துக்குள் கால் வைக்கவே கூடாது. பின்பக்கம் இருக்கும் கவுன்டர் வெயிட் (வண்டி கவிழாமலிருக்க வைத்த எடை) திரும்புவது ஓட்டுநருக்குச் சரியாகத் தெரியாது. இதை அப்பா எனக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லி வருகிறார்.

நாலு பக்கமும் நேராக, நாலு மூலையிலிருந்து சாய்வாக, பிறகு ஒவ்வொரு மூட்டையும் கிட்டத்தில் என்று படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு 30 சென்டிமீட்டர் அடிக்கோல் தெரியட்டும். வீட்டுக்கு வந்த பிறகு படத்திலிருந்தே அளவை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு சுலபம். உண்மை அளவைச் சென்டிமீட்டரில் எழுதி 5-ஆல் வகுத்தால் மாடலின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். 170 சென்டிமீட்டர் ஆள் 34 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகல டிராக் தகடு (வண்டி ஓடும் சங்கிலிப் பட்டையின் தகடு) 12 மில்லிமீட்டர். 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்த எண்ணெய் ஓடும் வளையும் குழாய்) 0.6 மில்லிமீட்டர். இந்த 5-ஆல் வகுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

3. மாடலை வாங்குதல்: விலை, வரி, முகவரி

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 60 முதல் 120 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கிடைக்கும் சீன உலோக மாடல்கள். இன்னொன்று, தயாரிப்பாளரின் உரிமம் பெற்றுச் செய்யப்படுபவை. ஜெர்மனியின் என்இசட்ஜி, கோன்ராட், கேட்டர்பில்லர் மாடல்களைச் செய்யும் டைகாஸ்ட் மாஸ்டர்ஸ் போன்றவை இந்த இரண்டாவது வகை, விலை பல நூறு வெள்ளிக்குப் போகும். கைபழகுவதற்கு மலிவான ஒன்றையும், கடைசிப் படைப்புக்கு உரிமம் பெற்ற ஒன்றையும் வாங்குங்கள். மலிவானது வீண் செலவு இல்லை. ரிவெட் (பாகங்களைப் பிடித்திருக்கும் உலோக ஆணி) துளைக்கவும் சாயம் அடித்துப் பார்க்கவும் அதுதான் உங்கள் பள்ளிக்கூடம்.

மலிவு மாடலில் பெட்டிமேல் 1:50 என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். 20 டன் எக்ஸ்கவேட்டரின் அடிப்பாகம், இரண்டு டிராக்கையும் சேர்த்து, சுமார் 2.8 மீட்டர் அகலம். மாடலில் அது 56 மில்லிமீட்டர் வர வேண்டும். 48 அல்லது 65 வந்தால் அளவு தவறு. அப்படி ஒன்றின் பக்கத்தில் 1:50 ஆள் பொம்மையை நிறுத்தினால் அப்பட்டமாகத் தெரியும். அந்த அகலத்தை அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

இனி வரி. 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளரோ வாங்கும் தளமோ பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடும். 260 வெள்ளி மாடலுக்கு நான் 26 வெள்ளி கட்டினேன். 500 வெள்ளியைத் தாண்டினால் வழி வேறு. பொருள் இங்கே வந்த பிறகு சுங்கத்தில் மதிப்பிடுவார்கள், காகிதம் கேட்பார்கள், நாள் ஆகும்.

நான் மாட்டியது இங்கேதான். தபால் செலவை மிச்சப்படுத்த இரண்டு மாடலையும் ஒரே பார்சலில் போடச் சொன்னேன். மொத்தம் 500-ஐத் தாண்டியது. பார்சல் நின்றது. என்னிடம் இன்வாய்ஸ் இல்லை, அனுப்பியவரிடம் கேட்டு வாங்க ஒரு வாரம். மொத்தம் 19 நாள் போனது. எனவே ஆர்டர் போட்ட அன்றே ஒரு கோப்பு திறந்து இவற்றைச் சேர்த்து வையுங்கள்: விலை தெளிவாகத் தெரியும் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கி ஆதாரம், ஆர்டர் பக்கத்தின் படம், பார்சல் கண்காணிப்பு எண், அடையாள அட்டை நகல். பொருள் விவரத்தில் 'அளவு மாடல்' என்று எழுதச் சொல்லுங்கள். சுங்க வகைப்பாட்டில் பொம்மைகளும் அளவு மாடல்களும் 9503 என்ற தலைப்பில் வருகின்றன. 'மெஷினரி' என்று மட்டும் எழுதினால் குழப்பம்தான் வரும். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, பார்சல் உடைந்து வந்தாலும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை முகவரி. லயத்து வீட்டுக்கு எண் இருக்காது, அல்லது பத்து வீட்டுக்கு ஒரே எண். நான் தோட்டத்தின் பெயரையும் ஊரின் பழைய பெயரையும் மட்டும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து 'முகவரி இல்லை' என்று பார்சல் திரும்பிப் போனதாகத் தகவல் வந்தது. இப்போது பட்டணத்தில் உறவினர் கடை முகவரியைத்தான் கொடுக்கிறேன். ஊர்ப் பெயரைப் புதிய வடிவத்தில், அஞ்சல் குறியீட்டோடு எழுதி, கைப்பேசி எண்ணைப் பார்சலின் மேலேயே போடச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பார்சலும் தவறவில்லை.

ஸ்பிரே டின், தின்னர் போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முயல வேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். உள்ளூரிலேயே வாங்குங்கள்.

4. கருவிகள்

எல்லாவற்றையும் முதல் நாளே வாங்காதீர்கள். தொடங்குவதற்கு இவை போதும்: 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை துளைமுனைகள் போடக்கூடிய கைத்துளைப்பான், சாதாரண மின்துளைப்பானும் அதற்கு 1.6, 2, 3, 4 மில்லிமீட்டர் முனைகளும், கூரான இடுக்கி, கலைக்கத்தி, 400 முதல் 1000 வரை தண்ணீர் உப்புத்தாள், சின்னச் சுத்தியல், எம்2 திருகுகள். ஊர் ஹார்ட்வேர் கடையிலேயே முக்கால்வாசி கிடைத்தது. எனக்குச் சுமார் 180 வெள்ளி ஆனது. ஏர்பிரஷ் இல்லாமலே முதல் மாடலை முடிக்கலாம்.

5. பிரித்தல்

மாடலின் அடிப்பாகம் பெரும்பாலும் ரிவெட்டால் பிடித்திருக்கும். அதன் தலையின் நடுவில் ஓர் ஆணியால் சின்னக் குழி போட்டு, 2 மில்லிமீட்டர் முனையில் ஆரம்பித்து, பிறகு 3, தேவையென்றால் 4 என்று மெதுவாகப் போங்கள். தலை மட்டும் கழன்று வந்தால் போதும், ஆழமாகத் துளைக்காதீர்கள். துத்தநாகக் கலவை உலோகம் மிருதுவானது. முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சுத்தமாக வரும். திரும்பப் பூட்டும்போது அதே தண்டில் 1.6 மில்லிமீட்டர் துளை போட்டு எம்2 திருகு வைக்கலாம்.

பூம் (வண்டியிலிருந்து எழும் பெரிய தண்டு), கை (பூமின் நுனியில் மடங்கும் தண்டு), பக்கெட் ஆகியவற்றை இணைக்கும் ஊசிகளைப் பாருங்கள். ஒரு முனையில் நுண்ணிய வரிகள் இருக்கும், மறுமுனை வழவழப்பாக இருக்கும். வழவழப்பான முனையிலிருந்து தட்டினால் சுலபமாக வெளியே வரும். எதிர்ப்பக்கமிருந்து தட்டினால் வரிகள் துளையையே பெரிதாக்கிவிடும், அப்புறம் பூம் நிற்காமல் தொங்கும்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். பாகங்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு எண் எழுதுங்கள்.

6. பழைய சாயத்தை எடுத்தல்: நான் ஒரு மாடலை இழந்த இடம்

உங்கள் வண்டியின் நிறமும் மாடலின் நிறமும் ஒன்றாக இருந்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள். பழைய சாயத்தின் மேலேயே வேலை செய்யலாம்.

இல்லையென்றால் கவனமாகக் கேளுங்கள். இரும்புக்குச் சாயம் எடுக்கக் காஸ்டிக் சோடா போடுவார்கள். நானும் அதையே செய்தேன். கால்வாய் அடைப்பு எடுக்க விற்கும் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, பூமையும் கேபின் சட்டத்தையும் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் சாயம் போயிருந்தது. கூடவே உலோகமும் போயிருந்தது. மேற்பரப்பு முழுக்கப் புழு அரித்த மாதிரி குழி, போல்ட் தலைகள் எல்லாம் மழுங்கிவிட்டன. துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் காஸ்டிக் சோடா கரைக்கும். இந்த மாடல்கள் அந்த இரண்டும் கலந்த உலோகம். ஒரு மாடல் போன வகையில் 95 வெள்ளி நட்டம்.

அசிட்டோன் போதும். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் உலோகப் பாகங்களை மட்டும் சில மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல்தூரிகையால் தேயுங்கள். பிளாஸ்டிக் பாகம் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, கூழாகிவிடும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில் செய்யுங்கள். அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. கையை விடாமல் இடுக்கியால் எடுங்கள். முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்து, அதற்குப் பிறகு விரல் படாமல் பிடியுங்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு போதும், பிரைமர் (சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அங்கே பிடிக்காது.

7. நுண்வேலை

மாடல் உங்கள் வண்டியாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான். அவசரம் வேண்டாம், நான்கு ஐந்து வாரக் கடைசிகளை இதற்கே ஒதுக்குங்கள்.

முதலில் ஹைட்ராலிக் ஹோஸ். மாடல்களில் இவை பெரும்பாலும் இல்லை, அல்லது வார்த்த புடைப்பாக இருக்கும். உண்மை வண்டியைப் பாருங்கள்: பூமின் அடியில் ஹோஸ்கள் கொத்தாக மேலே வரும், பூமின் முதுகில் எஃகுக் குழாய்களாக ஓடும், பூமும் கையும் சேரும் மூட்டில் மறுபடி ஹோஸாக வளைந்து போகும். அசையும் இடத்தில் மட்டும்தான் ஹோஸ், மற்ற இடத்தில் குழாய். இந்த வித்தியாசத்தைக் காட்டினாலே மாடலுக்கு உயிர் வந்துவிடும்.

ஹோஸுக்கு 30 கேஜ் கறுப்பு மின்கம்பி நல்லது. உறையோடு சேர்த்து அரை மில்லிமீட்டர்தான், வளைத்தால் வளைந்தபடி நிற்கும். குழாய்க்குச் செம்புக் கம்பியை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து உருட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். கம்பியின் முனை நிற்க 0.6 மில்லிமீட்டர் துளையை 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். துளை போடுவது சாயத்துக்கு முன், ஹோஸ் மாட்டுவது சாயத்துக்குப் பின். இந்த வரிசையை மாற்றினால் ஹோஸ் எல்லாம் ஆரஞ்சு ஆகிவிடும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பூம் மடங்கி நிற்கும்போது ஹோஸின் நீளத்தை வெட்டுவது. கையை முழுக்க நீட்டினால் அது பிடுங்கிக்கொண்டு வரும். கையை நீட்டி வைத்து அளந்து, அதற்கு மேல் 4 மில்லிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். உண்மை வண்டியிலும் அந்தத் தொங்கல் இருக்கும்.

கைப்பிடிக் கம்பிகளை 0.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் செய்து மாற்றுங்கள். மாடலில் வரும் பிளாஸ்டிக் கைப்பிடி, 5-ஆல் வகுத்த கணக்குப்படி பார்த்தால், ஓர் ஆளின் கணுக்கால் தடிமனில் இருக்கும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குச் சாக்லேட் தாளின் பளபளப்பான பக்கம். கேபினுக்கு முன்னால் பாதுகாப்பு வலை இருந்தால் தே வடிகட்டியின் வலையை வெட்டிப் பயன்படுத்தலாம். ஒரு மில்லிமீட்டர் கண் 5 சென்டிமீட்டர் கண்ணாகத் தெரியும்.

பாரிட் சுத்தம் செய்யும் வண்டிக்குப் பக்கெட் அகலமாக, பல் இல்லாமல் இருக்கும். மாடலோடு வரும் பல் பக்கெட்டை அப்படியே விடாதீர்கள். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் செய்ய ஒரு மாலை போதும். 1.8 மீட்டர் பக்கெட் என்றால் 36 மில்லிமீட்டர் அகலம். சதுப்பு நிலத்தில் ஓடும் வண்டி என்றால் டிராக் தகட்டின் அகலத்தையும் பாருங்கள். 90 சென்டிமீட்டர் தகடு என்றால் 18 மில்லிமீட்டர் வேண்டும்.

கண்ணாடிப் பிளாஸ்டிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ போடவே கூடாது. அதன் ஆவி பட்டு ஜன்னல் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜன்னலுக்கு வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும்.

பிறகு வண்டிக்குச் சொந்தமான பொருள்கள். அப்பாவின் வண்டியில் கேபின் கதவுக் கைப்பிடியில் எப்போதும் ஒரு பங்குஸ் தே (பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்) தொங்கும், சிவப்பு ரப்பர் கயிற்றில் கட்டியது. வெள்ளைப் பசையில் ஒரு துளி பழுப்பு கலந்து, சிவப்பு நூல் முனையில் 2 மில்லிமீட்டர் துளியாகத் தொங்கவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்.

8. சாயம்: வானத்தைப் பார்த்து அடியுங்கள்

நம் ஊர் ஈரக்காற்றில் சாயம்தான் அதிகம் கெடும். மழைக்கு முன்னும் பின்னும் லாக்கர் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் சாயத்தில் இறங்கிப் பால் படர்ந்த மாதிரி வெளுக்கும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள், வெயில் உள்ள நாளில் மட்டும் அடியுங்கள். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை அதிகம். அந்த இரண்டு மாதத்தை நுண்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத்துக்கென உள்ள பிரைமர் கட்டாயம். துத்தநாகக் கலவையின் மேல் நேரடியாகச் சாயம் அடித்தால் நகத்தால் உரிக்கலாம். பிரைமர் ஒரு நாள் காயட்டும். பிறகு 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேர இடைவெளி. ஒரே பூச்சில் மூட நினைத்தால் போல்ட் தலைகளும் கதவு விளிம்புகளும் சாயத்தில் மூழ்கிவிடும்.

பைலாக்ஸ் போன்ற கடை ஸ்பிரேயும் ஆகும், தாமியா ஸ்பிரேயும் ஆகும். தாமியாவின் துகள் நைசானது, விலை கூட. நிறத்தை மூடியின் வட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் அடித்து, வெயிலில் உண்மை வண்டியின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பத்து வருடம் வெயிலில் நின்ற ஆரஞ்சு, டப்பா ஆரஞ்சைவிட வெளிறியிருக்கும். நான் ஆரஞ்சின் மேல் வெள்ளை கலந்த மெல்லிய பூச்சைக் கூரைக்கும் இன்ஜின் மூடிக்கும் மட்டும் கொடுத்தேன். வெயில் விழும் இடம் அதுதான்.

ஒட்டு எழுத்துகளுக்கு நீர்வழுக்கு டிகால் தாள் (அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாள்) வாங்குங்கள். சாதாரண அச்சுப்பொறியால் வெள்ளையை அச்சிட முடியாது. கறுப்பு எழுத்துக்குத் தெளிந்த தாள், வேறு எந்த நிறத்துக்கும் வெள்ளைத் தாள். மை அச்சுப்பொறி என்றால் தண்ணீரில் போடும் முன் கிளியர் ஸ்பிரே இரண்டு பூச்சு அடியுங்கள், இல்லாவிட்டால் மை கரையும். எழுத்து ஒட்டிய பிறகு மொத்தத்துக்கும் மங்கலான கிளியர் ஒரு பூச்சு.

9. சேறும் தேய்மானமும்

சேறு என்றாலே செம்மண் நிறம் என்று பலரும் அடித்துவிடுகிறார்கள். குளுவாங் பக்கத் தோட்டத்து வண்டிக்கு அது சரி. எங்கள் ஊருக்குச் சரியில்லை. பத்தாங் பெர்ஜுந்தையில் பழைய ஈயக்குட்டைப் பக்கம் மண் வெளிறிய மணல். ராஜா மூசா காட்டை ஒட்டிய பக்கம் கறுப்புக் காப்பி நிறக் கரிச்சதுப்பு. கோலசிலாங்கூர் போகப்போக ஆற்றோரம் சாம்பல் களிமண். எந்த வண்டி எங்கே வேலை செய்ததோ அந்த மண் அதன்மேல் இருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையில் கைப்பிடி மண் எடுத்து வந்து, அதைப் பார்த்துச் சாயம் கலந்துகொள்ளுங்கள். தாமியா அக்ரிலிக்கில் மணலுக்கு எக்ஸ்எஃப்-57, களிமண்ணுக்கு அதோடு கொஞ்சம் எக்ஸ்எஃப்-24, செம்மண்ணுக்கு எக்ஸ்எஃப்-64 என்று ஆரம்பிக்கலாம்.

உண்மை மண்ணையே பூசலாமா? பூசலாம், ஆனால் வாணலியில் வறுத்துப் புழுங்கல் வாசனை போன பிறகு, நைலான் காலுறையில் சலித்த தூளை மட்டும். ஒரு மில்லிமீட்டர் மணல் மாடலில் 5 சென்டிமீட்டர் கல்லாகத் தெரியும். கரிச்சதுப்பு மண்ணை மட்டும் பயன்படுத்தாதீர்கள், அதில் இலைதழை இருப்பதால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதற்குச் சாயம்தான். தூளை வெள்ளைப் பசை, தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு ஆகியவற்றோடு குழைத்து டிராக்கின் உட்புறத்தில் முதலில் வையுங்கள். சேறு தங்குவது சக்கரங்களுக்கு நடுவே. வெளிப்பக்கம் தெறித்தது மட்டும்.

தேய்மானத்தை வண்டியின் வேலையை நினைத்துப் போடுங்கள். டிராக் தகட்டின் விளிம்பும் பக்கெட்டின் உதடும் தினமும் மண்ணில் தேய்வதால் அங்கே துரு நிற்காது, வெள்ளியாக மின்னும். பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். துரு தங்குவது பக்கெட்டின் மேல் மூலைகளில். ஹைட்ராலிக் தண்டு எப்போதும் பளபளப்பாக இருக்கும், அதன்மேல் துருவோ சேறோ பூசிய மாடலைப் பார்த்தால் ஓட்டுநர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூட்டு ஊசிகளைச் சுற்றி கறுத்த கிரீஸ் வளையம். கேபினின் இரண்டு பக்கமும் செம்பனை மட்டை உரசிய நீளக்கோடுகள், எல்லாம் முன்னிருந்து பின்னாக. ஏறும் படியில் சப்பாத்து தேய்த்த இடம்.

எண்ணெய்ச் சாயம் கரைத்து இடுக்குகளில் ஓட விடும்போது ஹார்ட்வேர் கடைத் தின்னரை எடுக்காதீர்கள். அது லாக்கர் தின்னர், அடிச் சாயத்தையே கரைத்துவிடும். டர்பன்டைன் அல்லது ஒயிட் ஸ்பிரிட் என்று கேட்டு வாங்குங்கள்.

10. செலவு, நாள், பூட்டுதல்

கடைசி மாடலுக்கு எனக்கு ஆனது: வரியோடு மாடல் 286 வெள்ளி, கருவிகள் 180, சாயம் 140, டிகால் தாள் 35, கம்பியும் தகடும் 40, அக்ரிலிக் மூடிப் பெட்டி 60. மொத்தம் 741. கருவிகள் அடுத்த மாடலுக்கும் வரும். நாள் கணக்கில், அனுமதியும் அளவும் ஒரு வாரம், பார்சல் வர மூன்று வாரம், பிரித்துச் சாயம் எடுக்க ஒரு வாரக் கடைசி, நுண்வேலை ஒரு மாதம், சாயமும் சேறும் இரண்டு வாரம். பார்சல் வரும் மூன்று வாரத்தில் மலிவு மாடலில் கைபழகுங்கள்.

மூடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மிருதுவான டிராக்கைப் பிளாஸ்டிக் பீடத்தின்மேல் நேரடியாக வைக்க வேண்டாம், வருடக்கணக்கில் ஒட்டி இளகும். நடுவில் ஒரு மரப்பலகை போதும்.

ஆயுத பூஜை அன்றைக்கு நின்ற கோலத்தில் வண்டியைச் செய்வதாக இருந்தால், அந்த அலங்காரம் எல்லா வேலைக்கும் கடைசி. இன்ஜின் மூடியில் சந்தனப்பொட்டை ஊசிமுனையால் வையுங்கள். அது காய்ந்த பிறகு அதன் நடுவில் குங்குமம். மாவிலைத் தோரணத்துக்குப் பச்சைத் தாளை 3 மில்லிமீட்டர் நீளத்தில் வெட்டி நூலில் ஒட்டலாம். டிராக்கின் அடியில் வைக்கும் எலுமிச்சை 0.8 மில்லிமீட்டர், கடுகைவிடச் சின்னது. எப்பாக்சி மாவில் உருட்டி மஞ்சள் பூசுங்கள். முதல் ஊதலிலேயே இரண்டு காணாமல் போகும், குறைந்தது பத்து உருட்டி வையுங்கள்.